முரசும் குறுஞ்செய்தியும்

காவேரிப்பட்டினம் என்றவுடன் கடல்கொண்ட புகார் நகரை நினைப்பார் பலர். யாம் கூறப் புகுவது அஃதன்று. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில் உள்ள எம் ஊராகும். எனினும் பெயரொப்புமை பற்றி அப்பழம்பதியை ஈண்டு அழைத்தல் குற்றமாகாது. மணிமேகலையின் முதற்காதை விழாவறை காதை. யானைப் பிடரியில் முரசினை ஏற்றி, இந்திரவிழா வரவினை நகரெங்கும் அறைந்த செய்தி அதன்கண் உளது. அம்முரசு காரணமின்றி ஒலிப்பதில்லை. யார் சொல்லை அஃது அறைகின்றது என்பதையும் யாவரும் அறிவர். ஆதலின் ஊரார் செவி சாய்த்தனர்.

இக்காலத்து இணைய அறிவிப்புப் பணிகளோ, எல்லாச் செய்தியையும் எல்லார்க்கும் அறிவிப்போம் என்று முன்வருகின்றன. அத்தகையதொன்றிற்குத் ‘தென்பெண்ணை’ என்னுஞ் சொல்லைக் கொடுத்து யாமும் காத்திருந்தோம். மனை விற்பனை வந்தது. கவியரங்கச் செய்தி வந்தது. அணை நீர் திறந்த செய்தி, நீர் எம்மூரைக் கடந்த மறுநாள் வந்தது!

இவை நிலைபெறுமா என்பதே வினா. நிலைபெறா என்பது எம் துணிபு. தனக்கு இன்னது வரும் என்றறியாத ஒருவன், வாராத செய்திக்காக மாதந்தோறும் பொருள் கொடுப்பானோ? கொடான். ஆகவே விளம்பரக்காரர் கொடுக்கின்றனர். கொடுத்தபின் விளம்பரமே அறிவிப்பாகி விடுகின்றது. அன்றேல் பெருநிறுவனம் ஒன்று தன் பிற வருவாயினின்றும் இலவசமாய் நடத்துதல் வேண்டும். பல தளங்களின் புதுச் செய்திகளை ஓரிடத்தே திரட்டித் தந்த கூகுள் ரீடர், விரும்பிப் படித்தோர் பலர் முறையிட்டும், 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. இலவசமாய்ப் பெற்றதை நிறுத்தாதே என்று கேட்க நமக்கு உரிமை ஏது?

அவரவர்க்கு வேண்டியதைத் தெரிந்து மற்றவற்றை அடைத்துவிடலாமே என்பர் எம் நண்பர். அடைக்கத் தெரிந்தோர் அடைக்கின்றனர். தொல்லை பொறாது அனைத்தையும் ஒருங்கே அடைத்தோர்க்கு வெள்ளச் செய்தியும் அடைபட்டுப் போகின்றது.

எம் கவலை வீண்கவலையன்று. கருநாடகத்து நந்தி மலையில் தோன்றும் இவ்வாறு, ஓசூரருகே கெலவரப்பள்ளி அணையையும் பின்னர்க் கிருஷ்ணகிரி அணையையும் கடந்தே எம்மை அடைகின்றது. அங்கே மதகு திறந்தால் இங்கே கரையோரத்தார் அறிதல் வேண்டும். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின் பின்விளைவாக, எம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. நின்ற ஊர்திகள் வெள்ளத்தில் உருண்டோடின. அவ்விரவில் வேண்டியது ஆயிரஞ் செய்தியன்று, ஒன்றே.

முன்னர்த் தண்டோரா இருந்தது. அதனை அறைவோர்க்கு நேர்ந்த இழிவு கருதி 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டரசு அதனை விலக்கி, ஒலிபெருக்கி ஊர்தியைப் பணித்தது, தக்கதே. 2023 அக்டோபர் 20-இல் மற்றொரு முறையும் இம்மாநிலத்தில் சோதிக்கப்பட்டது. குறுஞ்செய்தி எண்தோறும் தனித்தனியே செல்வது. இதுவோ, ஒரு கோபுரத்தின் எல்லையிலுள்ள கைப்பேசிகள் அனைத்திலும் ஒருங்கே ஒலிப்பது. எண்களின் பட்டியலே வேண்டா. அன்று யாம் பள்ளியில் இருந்தோம். கைப்பேசி கொணரலாகாது என்று கடிந்த ஆசிரியரின் சட்டைப் பையிலேயே அஃது அலறிற்று! நகைத்தோம், எனினும் ஒருவரும் கேளாதிருந்திலர்.

இது வாணிகமன்று, அரசின் கடமை. நிலைபெறுதற்கும் அதுவே காரணமாகும். ஆயினும் இதனையும் நாடோறும் ஒலிப்பித்து, வாழ்த்துக்கும் விழாவுக்கும் பயன்படுத்தத் தொடங்கின், மேற்கூறியவற்றின் கதியே இதற்கும் நேரும்.

எந்தச் செய்தியைப் படித்துக் காட்டினும் எம் பாட்டியார் முதலிற் கேட்பது ஒன்றே: “யார் சொன்னது, கண்ணு?” அணையின் பெயரும், திறந்த நீரின் அளவும், எம் தெருவை அது அடையும் நேரமும், சொல்லும் அலுவலர் இன்னார் என்பதும், நல்ல தமிழில் நான்கு வரியாய் வருமாயின், அவர் எழுந்து ஆட்டை அவிழ்ப்பார்.