பெட்டைக் குட்டியையும் சேர்த்து எடுங்கள்

பிள்ளைகள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்விட, பெரிய வீடும் வளவும் கிணறுமாக முதியவர் இருவர் மாத்திரம் எஞ்சியிருக்கும் இல்லங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கைகள்தோறும் பெருகிவரும் இக்காலத்தில், அத்தகைய வீடொன்றிலே பூனைக்குட்டி வளர்க்கலாம் என்ற எண்ணம் தோன்றும்போது, அதனுடன் தோன்றவேண்டிய வினா ஒன்று பெரும்பாலும் தோன்றாமலே போய்விடுகிறது. எடுப்பது ஒன்றையா, இரண்டையா? அயல்வீட்டுப் பூனை ஈன்ற குட்டிகளுள் பார்வைக்கு அழகான கடுவன் ஒன்றைத் தெரிந்து, கடகத்திலோ அட்டைப்பெட்டியிலோ வைத்துக் கொண்டுவருவது நம்மவர் வழக்கம். வசதியும் மனமும் உள்ள வீடு ஒரே ஈற்றுக் குட்டிகளில் இரண்டை ஒன்றாகவே எடுக்கவேண்டும், அவற்றுள் ஒன்றேனும் பெட்டையாக இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முந்திய தலைமுறையின் வீட்டுக்கு ஒற்றைப் பூனை பொருந்தியிருந்தது உண்மையே. நெல்மூடையும் ஒடியலும் சேமித்த அறைக்கு எலி வரும், எலிக்காகப் பூனை வரும். அப்படி வந்த பூனை, பெரியம்மாவும் சின்னையாவும் பேரப்பிள்ளைகளுமாக ஆள் நிறைந்த முற்றத்தில் எவரேனும் ஒருவர் மடியைக் கண்டுகொண்டு, பனையோலை வேலியின் பொட்டுக்குள்ளால் நுழைந்து அயல்வளவுப் பூனைகளோடு உறவாடி, இரவில் அடுப்படிச் சாம்பலிலே படுத்துறங்கும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கவே வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அந்த வாழ்க்கையில் பெரும்பகுதி பின்னே விடப்பட்டது. வீடுகளோடு பூனைகளும் விடப்பட்டன. திரும்பி வந்தவர்களிற் பலர் வேலியிருந்த இடத்தில் மதில் எழுப்பினார்கள், படலையிருந்த இடத்தில் இரும்புக் கதவு பூட்டினார்கள். பிள்ளைகளோ இன்னும் தூரம் போனார்கள். இப்படிப்பட்ட வீட்டில் இன்று ஒற்றைக் குட்டிக்கு வாய்க்கும் ஏகாந்தத்தை அன்றைய குட்டி அறிந்ததில்லை.

பூனை தனிமையை விரும்பும் பிராணியல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. வேட்டையைப் பொறுத்தமட்டில் அது மெய். தனியே இரைதேடிய ஆபிரிக்கக் காட்டுப்பூனையின் சந்ததியாதலால், பதுங்குவதும் பாய்வதும் அதற்குத் தனித்தொழிலே. ஆயினும் இரை ஓரிடத்தில் மிகுதியாகக் கிடைக்குமானால் அது கூட்டமாகவும் வாழும் என்பதை, யப்பானில் அயினோஷிமா என்னும் மீனவர் தீவிலே ஆராய்ச்சியாளர்கள் நெடுநாள் அவதானித்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டியதுமில்லை. குருநகரிலோ பாசையூரிலோ மீன் இறக்கும் கரையில் விடியற்புறம் நின்று பார்ப்பவர், ஒன்றோடொன்று உடம்பு உராய்ந்து ஒரே மீன்தலையைச் சுற்றி நிற்கும் பூனைகளைக் காணலாம். தாயும் மகளும் சகோதரியுமான பெட்டைகள் ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டுவதும் அவற்றின் இயல்பே.

குட்டிப்பருவத்திலோ துணை இன்றியமையாதது. நாலாம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் கடக்கும்வரை குட்டிகள் கட்டிப்பிடித்து உருண்டு கடிபடுவது அவற்றின் கல்வி. பல் அழுந்தியவுடன் மற்றது கத்திக்கொண்டு விலகிவிடும், விளையாட்டு நின்றுவிடும், இவ்வாறு நின்று நின்று தொடரும் விளையாட்டிலேதான், எவ்வளவு கடிக்கலாம், நகத்தை எப்போது உள்ளிழுக்கவேண்டும் என்ற அளவு குட்டிக்குப் பிடிபடுகிறது. தனியே கொண்டுவரப்பட்ட குட்டி அதே பாடத்தை வீட்டுக்காரரின் கையிலும் கணுக்காலிலும் படிக்க முயல்கிறது. எழுபது வயதைக் கடந்து, நீரிழிவு நோயோடு, சிறு கீறலும் ஆற நாட்செல்லும் உடம்போடு இருக்கும் ஒருவருக்கு அது விளையாட்டாகத் தோன்றாது. கருக்கலிலும் வைகறையிலும் துள்ளித் திரிவது பூனையின் சுபாவமாதலால், படுக்கையில் இருக்கும் அம்மாவின் காலை நாலு மணிக்குப் பாய்ந்து பிடிக்கும் அக்குட்டியை ‘விசர்ப் பூனை’ என்று வைது வெளியே விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். பிறகு அது வீதிக்குப் போகிறது. இரண்டு இருந்தால், வைகறைப் போரைத் தமக்குள்ளேயே நடத்திக் களைத்து, ஒன்றன் வயிற்றில் மற்றொன்று தலைவைத்து உறங்கிவிடும். இரண்டும் விடிந்தபின் மடிக்கு வரும். துணையிருந்தால் மனிதரிடம் அன்பு குறையும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை.

வைணவ ஆசாரியர்கள் இறைவனருளை விளக்க மார்ச்சால நியாயம் கூறினார்கள். தன் முயற்சி ஏதுமின்றித் தாயின் வாயில் தொங்கும் குட்டியை அவர்கள் கண்டார்கள். அந்தத் தாய் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு மற்றையவற்றுக்காகத் திரும்பத் திரும்ப வருகிறது என்பதையும் நாம் சேர்த்துக் காணவேண்டும். ஆபத்தென்று ஐயுற்ற இடத்திலிருந்து கடைசிக் குட்டியையும் அகற்றும்வரை அதற்கு ஓய்வில்லை. அவ்வளவு பாடுபட்டு அது ஒன்றாக வைத்திருந்தவற்றை, எட்டு வாரமும் நிரம்புமுன் ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடுகிறோம். சுவிற்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளோ, தனியே வளர்க்கப்படும் பூனை நாள்தோறும் மனிதரோடு பழகவேண்டும், அன்றேல் தன்னினத்தைக் கண்ணாலேனும் காணவேண்டும் என்று விதிக்கின்றன.

செலவைச் சொல்லி மறுப்பவர்களின் நியாயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே பால்மாவுக்கு வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு இன்னொரு வாய் பெரிய விஷயமே. ஆனால் பால்குடி மறந்த குட்டிக்குப் பால்மா வேண்டியதில்லை, பசுப்பாலும் பலவற்றுக்கு வயிற்றோட்டத்தையே தரும், தண்ணீர் போதும். வேண்டியது மீன்; மலிந்த நாளில் வாங்கிய சூடையோ சாளையோ அவித்து, முள்ளெடுத்து, சிறிது சோறு பிசைந்து வைக்கலாம். மச்சம் புழங்காத வீடுகளில்தான் உண்மையான இடர்ப்பாடு இருக்கிறது. டோரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் போதியளவு ஆக்கிக்கொள்ள மாட்டாது. மாமிச உணவின் வழியே அதற்குக் கிடைக்கும் அச்சத்துக் குறைந்தால் பார்வை கெடும், இருதயம் நலியும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மீன்சட்டி அடுப்பேறாத வீடுகள் பல. அந்நாட்களிலும் பூனைக்குப் பருப்புச் சோறன்றி அதற்குரிய உணவைப் புறக்கொட்டிலில் வேறுசட்டி வைத்து அவித்துக்கொடுக்க மனமிசையாத வீட்டுக்கு இரண்டு மட்டுமன்று, ஒன்றும் ஆகாது.

பெட்டையை வற்புறுத்துவதற்குக் காரணம் வேறு. கேட்டு வருபவர்கள் கடுவனைக் கேட்கிறார்கள், எஞ்சுபவை பெட்டைகள், அவையே சாக்கிலே கட்டப்பட்டு இரவோடிரவாகச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விடப்படுகின்றன. தாயின் சூடு மறவாத அக்குட்டிகள் மழையிலும் நாயின் வாயிலும் மாள்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம், கண்டும் பேசாதிருக்கிறோம். பிழைத்த பெட்டையோ நாலைந்து மாதத்திலேயே கருக்கொள்ளவல்லது. ஒன்பது வாரத்தில் ஈனும். அதே ஆண்டில் மறுபடியும் ஈனும். உடன்பிறந்த கடுவனும் இதற்கு விலக்கன்று. ஆகவே இரண்டை எடுப்பவர், நாலாம் மாதமளவில் இரண்டுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பதையும் எடுக்கும் நாளிலேயே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆயத்தமில்லாதவர் இரண்டை எடுப்பது, சாக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதாகவே முடியும்.

வீட்டில் முதிர்ந்த பூனை ஒன்று முன்பே இருக்குமாயின், குட்டிகளைச் சிலநாள் வேறறையில் வைத்து, வாசனையால் முதலிற் பழக்கி, மெல்ல மெல்லக் காட்டவேண்டும். இப்போது ஒன்று, பிறகு பார்த்து மற்றொன்று என்று நினைப்பவர்களும் இதே சிரமத்தையே பின்னர் படவேண்டும். உடன்பிறந்தவற்றை ஒருங்கே கொண்டுவருவதில் அச்சிரமம் இல்லை. உண்மையிலேயே ஒன்றுக்குத்தான் இயலும் என்றால், நாளில் இருமுறையேனும் அதனோடு கயிறோ பந்தோ கொண்டு விளையாட ஆளுள்ள வீடு அந்த ஒன்றை எடுக்கட்டும்.

விசர்நாய்க்கடியைத் தடுக்க நாய்களுக்கு ஊரூராகச் சென்று தடுப்பூசி ஏற்றும் ஒழுங்கு நம்மிடையே இருக்கிறது. பூனைகளுக்கும் அதே தடுப்பூசியையும், கூடவே கருத்தடைச் சிகிச்சையையும் பிரதேசந்தோறும் குறித்த நாளில் செய்து கொடுக்க மாகாண நிர்வாகமும் மிருக வைத்தியர்களும் முன்வரவேண்டும்; பேருந்தேறிப் பூனையைப் பட்டணத்துக்குக் கொண்டுபோக முதியவர்களால் இயலாது. ‘அம்மா, ஒரு பூனைக்குட்டி வளருங்கோவன், பொழுது போகும்’ என்று ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் சொல்லும் பிள்ளைகள், இரண்டு குட்டிகளின் மீனுக்கும் தடுப்பூசிக்கும் சத்திரசிகிச்சைக்கும் ஆகும் தொகையை மாதாந்தம் அனுப்பும் பணத்தோடு சேர்த்து அனுப்பி, அவற்றை வைத்தியரிடம் கொண்டுபோய்வர அயலிலே ஒரு பெடியனையும் ஒழுங்குபண்ணிக் கொடுக்க வேண்டும்.