காப்பு விசை காரணமின்றி விழுவதில்லை

மழைக்காலம் பிறந்தால் அடி அண்ணாமலையிலும் கிரிவலப் பாதையை அடுத்த ஊர்களிலும் ஒரே முறையீடு எழுகின்றது: "காரணமே இல்லாமல் ஈ.எல்.சி.பி. விழுந்து விடுகின்றது." பொறுமையிழந்த சிலர் அவ்விசையை விலக்கி, கம்பியை நேரே இணைத்து விடுகின்றனர். இதனை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். அது நோயை விட்டு வைத்தியரை விரட்டும் செயலாகும்.

இவ்விசை செய்யும் வேலை, நம் சங்கக் கணக்கர் செய்யும் வேலையே. லைன் வழியே சென்ற மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பியதா என்று அது சரிபார்க்கின்றது. குறைந்தால், எஞ்சியது எங்கோ பூமிக்குள் கசிகின்றது என்பது பொருள். வீடுகளுக்குரிய விசை, அக்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டுமுன் மின்சாரத்தைத் துண்டிக்கும். 5 ஆம்பியர் பியூஸ் அவ்வளவு சிறு கசிவுக்கு உருகாது. மனித உயிரைப் போக்கவோ அதற்குச் சற்று மிகுந்த அளவே போதும்.

கசிவுக்குக் காரணங்கள் பல. 2024 டிசம்பரில் மலைச்சரிவில் மண் சரியுமளவு பெய்த மழையை நாம் மறக்கவில்லை. அத்தகைய ஈரம் சுவர்க் குழாய்களிலும், குழித்தறியருகே கிடக்கும் ஒயரிலும், கிணற்று மோட்டாரின் கேபிள் இணைப்பிலும் இறங்கும். வெந்நீர்ச் சாதனத்தின் உட்கம்பி வெடித்திருக்கலாம். தனித்தனியே குற்றமற்ற பல கருவிகளின் சிறு கசிவுகள் ஒன்றுசேர்ந்தும் விசையை விழச் செய்யலாம்.

அங்கத்தினர் செய்ய வேண்டுவது இதுவே. மிக்ஸி முதல் தார் சுற்றும் மோட்டார் வரை எல்லாப் பிளக்குகளையும் பிடுங்குக. கிளைச் சுவிட்சுகள் அனைத்தையும் நிறுத்தி, காப்பு விசையை ஏற்றுக. பின்னர் கிளைகளை ஒவ்வொன்றாகவும், அதன்பின் கருவிகளை ஒவ்வொன்றாகவும் சேர்த்து வருக. எதைச் சேர்த்தபோது விழுகின்றதோ, குற்றம் அங்கே உள்ளது. எல்லாம் நிறுத்தியும் விழுமாயின், நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொட்டிருக்கலாம். அல்லது விசையே பழுதாகியிருக்கலாம். அதற்கு மேல் கை வையாது, உரிமம் பெற்ற வயர்மேனை அழைக்க வேண்டும்.

மறைந்த கசிவைக் கண்டறிய அவருக்கு மெக்கர் என்னும் காப்புச் சோதனைக் கருவி தேவை. அதனைத் தனி வீட்டார் வாங்குதல் வீண்; சங்கம் ஒன்று வாங்கி, முறை வைத்து வழங்குதல் எளிது. வரும் பொதுக் கூட்டத்தில் அங்கத்தினர் இதனைத் தீர்மானமாகக் கொணர வேண்டுகின்றோம். விதைக்கும் நூலுக்கும் கூடிய நாம், உயிர்க் காப்புக்கும் கூடுவோமாக.