எமது மொழி அறியாத இயந்திரங்கள்

செயற்கை நுண்ணறிவு பற்றி எமது நாட்டில் இந்நாட்களில் நடைபெறும் கருத்தரங்குகளில் வேலைவாய்ப்பு, கல்வி, பொருளாதாரம் என்பனவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால், தமிழ் பேசும் மக்களாகிய எம்மைப் பொறுத்தவரை முதலில் எழும் கேள்வி வேறானது. நாம் எழுதுவதையும் எம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதுவதையும் வாசித்து, எதைப் பரப்புவது, எதை அகற்றுவது என்று தீர்மானிக்கும் இயந்திரங்களுக்கு இந்நாட்டின் மொழிகள் தெரியுமா என்பதே அக்கேள்வி. அதனை அலட்சியம் செய்ததன் விளைவை இந்நாடு ஏற்கனவே அனுபவித்துவிட்டது.

2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவகத்தில், சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை உணவில் கலக்கப்பட்டதாகக் கூறி ஒரு கும்பல் அங்கிருந்தவரைச் சூழ்ந்துகொண்டது. சிங்களம் சரிவரத் தெரியாத அவர், என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமலே ஆமோதித்தார். அக்காட்சி ஒளிப்பதிவாகி, ஒப்புதல் வாக்குமூலமாக முகநூலில் பரவியது. உணவில் இருந்தது வெறும் மாக்கட்டியே என்று அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் அறிவிப்பதற்குள் அம்பாறையில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டு முடிந்திருந்தன. தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் முஸ்லிம் இளைஞர்களால் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் உயிரிழந்தபோது, அந்தக் காணொளி மூட்டிய சினம் கண்டி மாவட்டத்தில் பெருந்தீயாயிற்று. திகன பகுதியில் எரியூட்டப்பட்ட வீட்டினுள் சிக்கிய முஸ்லிம் இளைஞர் ஒருவர் பலியானார். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியன முடக்கப்பட்டன.

அடுத்த ஆண்டு சிலாபத்தில் நடந்தது இன்னும் விசித்திரமானது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்து மூன்று வாரங்களேயான நிலையில், முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூல் விவாதமொன்றில் அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழ நேரிடும் என்ற பொருளில் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். மற்றொரு தாக்குதலுக்கான எச்சரிக்கையாக அது வாசிக்கப்பட்டது. 2019 மே 12, 13ஆம் திகதிகளில் சிலாபத்தில் தொடங்கிய வன்முறை குளியாப்பிட்டி, மினுவாங்கொடை வரை நீண்டது. இரண்டு நிகழ்விலும் தொடக்கம் ஒரு மொழி விபத்து. அந்த விபத்தைக் கலவரமாக வளர்த்ததில் முகநூலுக்குப் பங்கிருந்தது.

ஒரு பதிவை யாருக்குக் காட்டுவது என்பதை அந்நிறுவனத்தின் கணிப்பு முறைமை, மக்கள் அதற்கு எவ்வளவு எதிர்வினையாற்றுவார்கள் என்பதைக் கொண்டே தீர்மானிக்கிறது. அன்பைக் காட்டிலும் அச்சமும் ஆத்திரமும் விரைவாக எதிர்வினையைத் தூண்டுபவை. ஆகவே, ஆத்திரமூட்டும் பதிவு மேலெழுகிறது. இதற்கு அந்த இயந்திரத்துக்கு மொழி தெரியத் தேவையில்லை. விரல்களின் அசைவை எண்ணத் தெரிந்தால் போதும். தடுப்பதற்குத்தான் மொழி தெரிய வேண்டும். சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பேச்சைக் கண்டறிய அக்காலத்தில் போதிய ஆட்களும் இருக்கவில்லை, தகுந்த கருவிகளும் இருக்கவில்லை. அளுத்கம வன்முறை நடந்த 2014ஆம் ஆண்டிலேயே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் முகநூலின் வெறுப்புப் பேச்சு பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டிருந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

தமிழ் தெரியாத பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யச் சென்று, விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளில் கையொப்பமிட்டுத் திரும்பிய அனுபவம் எமது வாசகர்களில் பலருக்கு உண்டு. கலிபோர்னியாவில் உள்ள நிறுவனத்துக்கு முறைப்பாடு அனுப்பியவர்களின் அனுபவமும் ஏறத்தாழ அதுவே.

இயந்திரங்களை மட்டும் குறை கூறுவதும் நேர்மையாகாது. குருநாகல் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற கதை 2019 மே மாதத்தில் சிங்கள நாளிதழொன்றின் முதற்பக்கத்திலேயே வெளியானது. 1983 இல் முகநூல் இருக்கவில்லை, வதந்தி இருந்தது. திகனவில் நடந்தது முஸ்லிம்களின் பிரச்சினை என்று விலகி நின்ற தமிழர்கள் இதனை எண்ணிப்பார்ப்பது நல்லது.

மொழி அறியாமைக்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. அகற்ற வேண்டியதை விட்டுவிடும் இயந்திரம், விட்டுவைக்க வேண்டியதை அகற்றியும் விடுகிறது. முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவின் தளங்களில் வேறெந்தச் சொல்லையும் விட அதிகமான பதிவுகள் அகற்றப்படக் காரணமாக இருந்தது 'ஷஹீத்' என்ற சொல்லே என்று, அதன் மேற்பார்வைச் சபை 2024 மார்ச்சில் சுட்டிக்காட்டி, அப்பொதுத் தடையைக் கைவிடுமாறு கோரியது. காத்தான்குடியில் 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தபோது கொல்லப்பட்டோரை அவ்வூர் மக்கள் சுஹதாக்கள் என்றே ஆண்டுதோறும் நினைவுகூருகின்றனர். பயங்கரவாதத்துக்குப் பலியானோருக்கான பிரார்த்தனையையும் பயங்கரவாதத்துக்கான புகழ்ச்சியையும் பிரித்தறிய, அச்சொல்லைப் பட்டியலில் வைத்திருந்தால் போதாது. காத்தான்குடியை அறிந்திருக்க வேண்டும். போரில் இறந்தோரை நினைவுகூரும் பதிவுகள் காரணமின்றி நீக்கப்படுவதாகத் தமிழ்த் தரப்பிலிருந்து எழுந்த முறைப்பாடுகளும் இதே வகையைச் சேர்ந்தவை.

இப்போது நிலைமை மேலும் சிக்கலாகியுள்ளது. 2018 இல் பொய்யைப் பரப்ப ஒருவர் அதனை எழுத வேண்டியிருந்தது. இன்று சிங்களத்திலும் தமிழிலும் சரளமாக எழுதவும், எவருடைய குரலையும் முகத்தையும் போலியாக உருவாக்கவும் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் எமது மொழிகளில் அவற்றின் அறிவு ஆங்கிலத்துக்கு ஈடானதன்று. அவை இணையத்தில் கிடைத்த எழுத்தைக் கொண்டு பயிற்றப்பட்டவை. தமிழில் கிடைப்பதில் பெரும்பகுதி தமிழகத்தினுடையது. யாழ்ப்பாணத்தின் அல்லது மட்டக்களப்பின் பேச்சும், அறபுச் சொற்கள் கலந்த முஸ்லிம்களின் தமிழும் அதில் ஒரு மூலையில் இருக்கலாம். ஆங்கிலச் சொல்லொன்றைப் பெரும்பாலும் ஒரே கூறாக ஏற்கும் இக்கருவிகள் தமிழ்ச் சொல்லைப் பல கூறுகளாக உடைத்தே வாசிக்கின்றன. அதனால் ஒரே செய்தியைத் தமிழில் கையாளச் செலவும் கூடுகிறது. 2005 முதல் ஈழத்து எழுத்துக்களை மின்வடிவாக்கி வரும் நூலகம் திட்டத்தின் பணி இந்த வகையிலும் முக்கியத்துவம் பெறுகிறது. அதுவும் பெருமளவு தன்னார்வ உழைப்பிலேயே தங்கியுள்ளது.

அரசாங்கங்களின் பதில் தடையும் தண்டனையுமாகவே இருந்து வந்துள்ளது. 2024 ஜனவரியில் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு வழங்கியது. கருத்துச் சுதந்திரம் பற்றிய அச்சத்தை அது எழுப்பியது நியாயமே. எனினும், பாராளுமன்ற விவாதத்தில் தண்டனைகள் பெற்ற கவனத்தை மொழி பெறவில்லை. இலங்கையில் இருந்து வருமானம் ஈட்டும் ஒவ்வொரு நிறுவனமும் சிங்களத்துக்கு எத்தனை பரிசோதகர்களை, தமிழுக்கு எத்தனை பேரை அமர்த்தியுள்ளது, அவர்களில் இந்நாட்டின் தமிழை அறிந்தவர்கள் எத்தனை பேர், இவ்விரு மொழிகளிலும் அதன் இயந்திரங்கள் எந்த அளவுக்குத் தவறிழைக்கின்றன என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று கோருவதற்குப் பெரும் செலவு எதுவும் ஏற்படப் போவதில்லை. அடுத்த தேர்தலுக்கு முன்னராவது தமிழ், முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கூட்டாக இதனைக் கேட்கலாம்.