நஷ்டத்துக்குக் கடனா நிவாரணம்?



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையை விட இது அதிகம். தாமிரபரணி கரை புரண்டது. ஆத்தூர், ஏரல், ஸ்ரீவைகுண்டம் வரை வாழையும் வீடும் கடையும் தண்ணீரில் நின்றன.

காயல் என்றதும் இரத்தின வியாபாரம், கொழும்பு, ஹாங்காங் என்று பேசுவோர் உண்டு. கடல் கடந்து சம்பாதித்தவர் எப்படியும் எழுந்துவிடுவார். பெட்டிக்கடைக்காரரும் தையற்காரரும் டீக்கடைக்காரரும் எதைக் கொண்டு எழுவது? அவர்களுக்குச் சர்க்கார் சொன்ன பதில், கடன்! மாநில சர்க்கார் கூட்டுறவு வங்கி மூலம் குறைந்த வட்டிக் கடனை அறிவித்தது. கந்துவட்டிக்காரனிடம் போவதை விட அது மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் முதலே தண்ணீரோடு போனவன் தலையில் கடனை ஏற்றுவதற்கு நிவாரணம் என்று பெயரா?

மத்திய சர்க்காரின் கதை இன்னும் மோசம். சென்னை வெள்ளத்துக்கும் தென்ஜில்லா வெள்ளத்துக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது 37,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஏப்ரலில் டில்லி விடுவித்தது 276 கோடி! 2022 முதல் 2026 வரைக்கென்று அது வகுத்த பேரிடர் நிவாரணப் பட்டியலில் பயிர் உண்டு, மாடு உண்டு, படகு உண்டு, நெசவாளியின் கருவியும் உண்டு. அதெல்லாம் போதாத தொகை; ஆனாலும் உண்டு. நனைந்துபோன கடைச் சரக்குக்கு ஒரு வரி கூடக் கிடையாது.

"சிறு தொழிலுக்குத்தான் எத்தனையோ திட்டம் இருக்கிறதே" என்பார்கள். யார் சிறு தொழில்? 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவரும் 'சிறு' தொழில்தான்! பெட்டிக்கடைக்காரர் எந்த மூலைக்கு? 2021 ஜூலையில் சில்லறை வியாபாரியையும் அந்தப் பதிவேட்டில் சேர்த்தார்கள். எதற்கு? வங்கிகள் முன்னுரிமை கொடுத்துக் கடன் தர, அதற்கு மட்டும். மற்றச் சலுகை எதுவும் கிடையாது.

பெரிய முதலாளிக்கு மட்டும் வேறு நியாயம். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். அதனால் வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும் என்று அறிவித்தவரே நிதி மந்திரிதான். 2014-15 முதல் பத்து ஆண்டில் வங்கிகள் 16.35 லட்சம் கோடிக் கடனைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளின. அதில் 9 லட்சம் கோடிக்கு மேல் பெரிய நிறுவனங்களுடையது. எழுதித் தள்ளுவது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும் என்கிறார்கள். டீக்கடைக்காரரின் கடனையும் அப்படி எழுதித் தள்ளிவிட்டு, ஆற அமர வசூலிக்கட்டுமே!

கடைக்காரன் பாடு நமக்கெதற்கு என்று மில் தோழரும் வயல் தோழரும் கேட்கலாம். எடையில் கைவைக்கிற கடைக்காரனும் உண்டு. அவனோடு நமக்குள்ள வழக்கு தனி. ஆனால் மில் கதவடைத்த மாதத்தில், நடவு இல்லாத மாதத்தில், பற்று எழுதி அரிசி கொடுத்தது எந்த வங்கி? அந்தக் கடை மூடினால் நம் அடுப்பும் அணைகிறது.

நாம் கேட்பது இது: பேரிடர் பட்டியலில் சிறு கடையின் சரக்குக்கும் தொழிற் கருவிக்கும் திருப்பிச் செலுத்த வேண்டாத மானியம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். வெள்ளத்தில் முதல் இழந்தவரின் பழைய கடனுக்கு வட்டியை ரத்து செய்ய வேண்டும். அடுத்த ஐப்பசி மழைக்கு முன் கிளைத் தோழர்கள் இந்த மனுவோடு கடை கடையாகப் போய்க் கையெழுத்து வாங்குங்கள். பற்று நோட்டில் நம் பெயர் இருக்கிற கடையிலிருந்தே தொடங்கலாம்.