ஊரெழுத்தும் ஆட்டக்களமும்

பெயருக்கு முன்னர் ஊரின் முதலெழுத்தையும் தந்தையார் பெயரின் முதலெழுத்தையும் இடுவது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நிலவிவந்த வழக்கம். கரிவலம்வந்தநல்லூரிற் பிறந்தவன் எத்தேயத்திற் சென்று வாழினும், அவன் பெயரின் முன் நிற்கும் ஓரெழுத்து அவனுடைய ஊரைச் சொல்லிக்கொண்டேயிருக்கும். அவ்வண்ணமே ஊரெழுத்துப் பூண்ட கிரிக்கெட் வீரர் ஒருவர் சென்னையில் விளங்கினார். அவர்தாம் ஏ. ஜி. ராம்சிங். 'ஏ' என்பது அமிர்தசரஸ். 'ஜி' என்பது கோவிந்தசிங். 1910ஆம் ஆண்டிற் பிறந்த அவருடைய குடும்பம் பஞ்சாபிலிருந்து போந்து சென்னையிற் குடியேறியதாகும்.

ரஞ்சிக் கோப்பைப் பந்தயங்களுள் முதலாவது 1934 நவம்பர் 4இல் சேப்பாக்கத்தில் நிகழ்ந்தது. மைசூரை எதிர்த்துச் சென்னைக்காக முதற்பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். ஆயினும் அன்றைய நாளைத் தமதாக்கிக்கொண்டவர் ராம்சிங்கே. இடக்கையாற் பந்தைச் சுழற்றி வீசிய அவர், முதலாட்டத்தில் 19 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளையும், இரண்டாம் ஆட்டத்தில் 16 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். மைசூர் 48, 59 என ஒடுங்கியது. 130 எடுத்த சென்னை ஒரே பகலில் வென்றது.

இத்தகையவர் இந்தியாவின் டெஸ்ட் பந்தயம் ஒன்றிலேனும் ஆடிற்றிலர். அதுகொண்டு அவரைச் சிறியராக மதிப்பார் உளர். அது நேர்மையன்று. 1932 முதல் 1936 வரை இந்தியா ஆடிய டெஸ்டுகள் ஏழே. அதன்பின் 1946 வரை ஒன்றேனும் நிகழவில்லை. ராம்சிங்கின் இருபத்தாறாம் அகவை முதல் முப்பத்தாறாம் அகவை வரையுள்ள காலம் இவ்வாறு கழிந்தது. வாயில் அடைபட்டிருந்ததற்கு வந்தவனை நோவதோ? அவருடைய மைந்தர் கிருபால்சிங் 1955இல் ஐதராபாத்தில் தம் முதல் டெஸ்டிலேயே நூறு ஓட்டங்கள் எடுத்தார்; மற்றொரு மைந்தர் மில்காசிங்கும் இந்தியாவுக்காக ஆடினார். இருவர் பெயர்க்கும் முன் அதே ஏ. ஜி. நின்றது.

பிற நாடுகளிலும் இதுவே முறை. அயர்லாந்தின் கார்க் நகரில் 1859இற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய டோனி முல்லேன், பேஸ்பால் என்னும் ஆட்டத்திற் பந்தெறிபவராக 284 வெற்றிகளைப் பெற்றார். தொழின்முறைப் பேஸ்பாலின் தொடக்கக் காலத்தை அவரைப் போன்ற குடியேறியோரை நீக்கி எழுதுதல் இயலாது.

வந்தோரை நாம் வாழவைத்தோம் என்று பெருமை பேசுதல் நமக்கு எளிது. வந்தோர் நம்மை வாழ்வித்ததை ஒப்புதல் அரிது. சென்னையின் அம்முதல் வெற்றியில் வீழ்ந்த இருபது விக்கெட்டுகளுள் பதினொன்று அமிர்தசரஸ் எழுத்தைத் தாங்கியவருடையவை.

மாணவ நண்பர்காள்! ஆட்டக்குழுவைத் தெரிந்தெடுக்குங்கால், "அவன் எவ்வூரான்?" என்னும் வினா நம்மிடையே மெல்லென எழுவதுண்டு. நகரத்தான் என்றும், நாட்டுப்புறத்தான் என்றும், அயல் மாநிலத்தான் என்றும் பிரித்துப் பேசுகிறோம். நாமே நாளை சென்னைக்கும் மும்பைக்கும் கடல் கடந்தும் பிழைக்கச் செல்லுவோம். ஆங்கு இவ்வினா நம்மை நோக்கி எழுமாயின் நம் உள்ளம் என்ன பாடுபடும்? ஊரெழுத்து ஒருவன் எங்கிருந்து வந்தான் என்பதை மட்டுமே கூறும். அவன் யாருக்காகப் பந்து வீசுகிறான் என்பதைக் களமே கூறும். தெரிந்தெடுப்போர் களத்தை நோக்குக.