மூக்கடைப்பா? தூசி என்று விட்டு விடாதீர்கள்!

விஸ்வநத்தம் பக்கம் பயர் ஆபீஸ் தொழிலாளிக்கு மூக்கடைத்தால் என்ன செய்வார்?

"மருந்துத் தூசிதான். ரெண்டு நாள்ல சரியாப் போகும்" என்பார். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குக் கிளம்பி விடுவார்.

பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் சர்க்கரை எகிறிக் கிடக்கும் உடம்பு என்றால்? அங்கேதான் ஆபத்து!

2021-ல் கொரோனா இரண்டாவது அலையோடு வந்த கருப்புப் பூஞ்சையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் மாதக் கடைசிக்குள் நாடு முழுக்க 40 ஆயிரம் பேருக்கு மேல் அது தாக்கியது. 3 ஆயிரம் பேருக்கு மேல் பலி. 'ஆம்போடெரிசின்-பி' ஊசி கிடைக்காமல் உறவினர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். பிழைத்தவர்களிலும் கண்ணைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

இந்தப் பூஞ்சை மண்ணிலும் மக்கிய குப்பையிலும் இருப்பதுதான். ஒட்டுவாரொட்டி அல்ல. நல்ல உடம்பை ஒன்றும் செய்யாது. கட்டுப்படாத சர்க்கரையும், டாக்டரைக் கேட்காமல் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும்தான் அதற்குக் கதவைத் திறந்து விடுகின்றன. 2021-ல் பாதிக்கப்பட்டவர்களில் 100-க்கு 64 பேர் சர்க்கரை நோயாளிகள் என்றது மத்திய அரசு.

மூக்கில் நுழைந்து, கண்ணுக்குப் போய், மூளைக்கு ஏறும். ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, கருப்பாகச் சளி, கன்னத்தில் வலி அல்லது மரமரப்பு, கண் வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, பல் ஆட்டம்... இதெல்லாம் எச்சரிக்கை மணி. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கொரோனா அலை ஓய்ந்தது. கருப்புப் பூஞ்சையும் அபூர்வமாகிவிட்டது. சர்க்கரை ஓயவில்லையே!

"டெஸ்டுக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு" என்கிறார் தொழிலாளி. நியாயம்தான். அப்படியானால் டெஸ்ட் அவரைத் தேடி வரட்டும். தீ விபத்துக்குப் பயந்து மணல் வாளியும் தண்ணீர்த் தொட்டியும் வைக்கும் முதலாளிகள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆலை வாசலிலேயே சர்க்கரை பார்க்க ஏற்பாடு செய்தால் என்ன? ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிஷ வேலை. கூலியும் பிடிக்கக் கூடாது.

மெடிக்கல் ஷாப்காரர்களும் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கொடுப்பதை நிறுத்த வேண்டும்.

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டு விட்டது. ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்தாச்சு. போகிறவர் நேரத்தோடு போக வேண்டுமே!

மூக்கோடு போக வேண்டியதைக் கண் வரைக்கும் விடலாமா?