ஸ்ரீரங்கபட்டணத்தில் நாம் பார்க்காமல் வரும் கட்டடங்கள்

பெங்களூர், மைசூர் பக்கம் குடியிருக்கும் நம் மக்களுக்கு, ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஒரு நிரந்தர ரூட் உண்டு. ஸ்ரீரங்கபட்டணத்தில் ரங்கநாதர் கோயில், தரியா தௌலத், கும்பஸ், சங்கமம். அப்புறம் மைசூர் அரண்மனை. தப்பே இல்லை, எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் கோட்டையையும் திப்புவையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துப் பார்த்தால், அது நெல்லும் கரும்பும் விளைகிற ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்குச் சோறு போட்ட கட்டடங்கள் நம் பட்டியலில் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

உதாரணத்துக்கு பங்காரதொட்டி கால்வாய். 1638 முதல் 1659 வரை மைசூரை ஆண்ட கண்டீரவ நரசராஜர் காலத்து வேலை. காவிரியில் அணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, அந்தத் தண்ணீரையே கல் பாலத்தின் மேல் ஆற்றைத் தாண்ட வைத்துத் தீவுக்குள் கொண்டு வந்தார்கள். ஆற்றுக்கு மேலே ஒரு ஆறு! முன்னூற்றைம்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை.

ரங்கன்திட்டு பறவைகளைப் போட்டோ எடுக்காதவர்கள் நம்மில் குறைவு. அந்தத் திட்டுகளே 1645-48ல் இதே மன்னர் காவிரியின் குறுக்கே கட்டிய அணையால் உருவானவைதான். விவசாயத்துக்குக் கட்டியதில் கொக்குகளும் நாரைகளும் குடியேறின. 1940ல்தான் அது சரணாலயம் ஆனது.

அடுத்தது வெல்லெஸ்லி பாலம். பெயர்தான் வெள்ளைக்காரருடையது. திவான் பூர்ணையா மேற்பார்வையில் 1804ல் முடிந்தது. தூணும் கல், அதன் மேல் கிடத்திய உத்தரமும் கல்.

அரண்மனைகளின் கதை வேறு. திப்புவின் லால் மஹால் இன்று இல்லை. 1799ல் கோட்டை விழுந்தபின் அது பிரிக்கப்பட்டது. அதன் மரங்கள் மலையேறி, 1830 வாக்கில் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்கு உத்தரங்களாயின. ராஜா போனால் அரண்மனையும் போகும். வயல் இருக்கும் வரை வாய்க்கால் போகாது.

2017 மார்ச்சில் இரட்டை ரயில் பாதைக்காக, திப்பு காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்றை அப்படியே பெயர்த்து சுமார் நூறு மீட்டர் தள்ளி வைத்தார்கள். சுமார் ஆயிரம் டன் எடை. இடிக்காமல் நகர்த்தியது பாராட்ட வேண்டிய விஷயம். வெடிமருந்து வைத்த அறைக்கு இவ்வளவு அக்கறை காட்ட முடிகிற நாட்டில், சோறு போட்ட வாய்க்கால்களுக்கும் அதில் பாதியாவது காட்டலாம் இல்லையா? பெரிய செலவு வேண்டாம். ஒரு தகவல் பலகை, ஒழுங்கான தூர்வாரல், கல் பெயர்ந்தால் அதே மாதிரி கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் பூச்சு. அது போதும்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். காவிரி என்றாலே இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு 1991ம் 2016ம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. கடையை எப்போது சாத்தினோம், வண்டியை எங்கே ஒளித்து வைத்தோம் என்று. நம் பிள்ளைகளும் அந்த ஆற்றைச் சண்டையாக மட்டுமே தெரிந்துகொண்டு வளர்கிறார்கள். ஒரே ஆற்றில் கீழே கல்லணை, மேலே பங்காரதொட்டி. இரண்டையும் கட்டியவர்களுக்கு இருந்தது ஒரே கவலைதான், வயலுக்குத் தண்ணீர். மண்டியா விவசாயியும் தஞ்சாவூர் விவசாயியும் ஒரே தொழில்காரர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

2023ல் திறந்த விரைவுச்சாலை ஊருக்கு வெளியிலேயே போய்விடுகிறது. அடுத்த தடவை ஊருக்குள் வண்டியைத் திருப்புங்கள் மக்களே. கும்பஸ் பார்த்த கையோடு, வாய்க்கால் எங்கே என்று வயலில் நிற்பவரிடம் கேளுங்கள். அரைகுறைக் கன்னடம் போதும், அவர் கூடவே வந்து காட்டுவார் :-)